மூன்று மில்லிமீட்டர் இடைவெளி

நொடிக்காரர் வீடு எது என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் கை நீட்டிக் காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் மூலைக்கடைக்காரர்கூட உதட்டைப் பிதுக்குவார். மணி என்ன என்று கேட்டவரிடம் "பத்தரை" என்று சொல்லிவிட்டுப் போகாமல் "பத்து இருபத்தொன்பது, நாற்பது நொடி" என்று நின்று சொல்கிற ஆளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

நிலநடுக்கம் பதியும் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். விஞ்ஞானி இல்லை. தாள் மாற்றுவது, மை ஊற்றுவது, கடிகாரத்தைச் சரிபார்ப்பது, தாளில் விழுந்த கோடுகளைப் படித்து வாரம் ஒருமுறை தலைமையகத்துக்கு எழுதி அனுப்புவது, இவ்வளவுதான் வேலை. நிலையத்தில் அவர் ஒருவர் மட்டும். நான் அவரோடு இருந்தது பதினோரு வாரம். நோயாளிகளை வீட்டில் தங்கிப் பார்த்துக்கொள்வது என் தொழில். எத்தனையோ பேரைப் படுக்கைப்புண் வராமல் காப்பாற்றியிருக்கிறேன். பாதிப் பேரின் முகம் மறந்துவிட்டது. இவர் மறக்காமல் இருப்பதற்குப் பாசம் காரணம் இல்லை. அந்த வீட்டில் நான் பார்த்ததுதான் காரணம்.

ஐம்பத்தேழு வயது. ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கி. நிலையத்தின் படியில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். மருத்துவமனையில் காலுக்கு எடை கட்டி, அசையக்கூடாது என்று சொல்லி, கட்டில் பற்றாக்குறையால் ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டிலின் கால்மாட்டில் ஒரு கப்பி, அதன் வழியாக ஒரு கயிறு, கயிற்றின் முனையில் மூன்று கிலோ மணல் பை. பை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அந்தரத்தில் தொங்கவேண்டும். எதிலும் முட்டக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் முதல் வேலை.

போன அன்று நாடி பார்த்தேன்.

"எவ்வளவு?" என்றார்.

"எழுபத்தெட்டு."

"உங்க வாட்ச் நாலு நொடி பின்னாடி ஓடுது சிஸ்டர்."

"உங்க நாடிக்கு அது தெரியாது சார். பேசாம படுங்க."

கதவருகே நின்ற அவருடைய கொழுந்தியாள் சிரித்துவிட்டாள். என்னை ஏற்பாடு செய்தவள் அவள்தான். அந்தத் தெருக்கோடியில் இருக்கும் ஆரம்பப் பள்ளியில் தலைமை ஆசிரியை. அக்கா இறந்து பதினான்கு மாதமாகியும் அத்தானுக்குத் தினமும் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுத் திட்டிவிட்டுப் போகிறவள்.

"அப்பாடா, இவருக்குச் சரியான ஆள் வந்தாச்சு," என்றாள். "இதுக்கு முன்னாடி வந்த அம்மா ரெண்டே நாள்ல ஓடிட்டாங்க. மாத்திரையை ஒம்பது மணிக்குக் குடுக்காம ஒம்பது அஞ்சுக்குக் குடுத்தாங்களாம். அதுக்கு ஒரு விசாரணை!"

"ஒம்பது ஏழு," என்றார் அவர்.

அன்று சாயங்காலமே எனக்கு இரண்டாவது வேலையும் வந்தது. நிலையத்தின் தாளைத் தினமும் காலை பத்து மணிக்கு மாற்றவேண்டும். மாற்று ஆள் வர மூன்று மாதம் ஆகும் என்று தலைமையகம் சொல்லிவிட்டது. மருத்துவமனை நாட்களில் டீச்சர் மாற்றியிருக்கிறாள். இனி பள்ளியை விட்டு வர முடியாது என்றாள்.

"நான் நோயாளியைப் பாத்துக்க வந்தவ," என்றேன்.

"தாள் மாறலைன்னா இவருக்கு ரத்த அழுத்தம் ஏறும். அதுவும் உங்க வேலைதானே சிஸ்டர்?"

"முப்பத்தோரு வருஷத்துல ஒரு நாள்கூட விட்டதில்லை," என்றார் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே. "கல்யாணத்தன்னைக்கும் மாத்திட்டுத்தான் போனேன்."

"ஆமா. பொண்ணு காத்துக்கிட்டு உக்காந்திருக்கா, மாப்பிள்ளை விரலெல்லாம் மையோட வந்து நிக்கிறார். அக்காவோட கல்யாணப் புடவையில அந்தக் கறை கடைசி வரைக்கும் போகலை."

நிலையம் வீட்டிலிருந்து இருநூறு அடி தூரம். பாறையைக் குடைந்து கட்டியது. வெளியே இரும்புக் கதவு. உள்ளே பதினோரு படி இறங்கினால் ஒரு சிறிய அறை. அதற்கும் உள்ளே பூட்டிய இன்னொரு அறை. பூட்டிய அறையில் பாறையோடு சேர்த்துக் கட்டிய மேடையில் கருவி உட்கார்ந்திருக்கும். வெளியறையில் தாள் சுற்றிய உருளை மெதுவாகச் சுழலும். ஒரு பேனா அதன்மேல் கோடு இழுத்துக்கொண்டே போகும். ஒரு வரிக்குப் பதினைந்து நிமிடம். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு நொடி. ஒரு நாள் முடியும்போது தாளில் தொண்ணூற்றாறு வரிகள் இருக்கும்.

மண்ணுக்குள் இருப்பதால் ஒரு சத்தமும் கிடையாது. உருளையின் முனகல் மட்டும். சவ அறையில் வேலை பார்த்திருக்கிறேன். அங்கேகூட ஒரு குழாயாவது சொட்டிக்கொண்டிருக்கும்.

"மெதுவா இறங்குங்க. உள்ள போன மணியைத் தாள்ல எழுதுங்க," என்று சொல்லி அனுப்பினார். "உங்க நடையும் அதுல விழும். எழுதாம விட்டா நாளைக்கு யாராவது உங்களை நிலநடுக்கம்னு படிச்சிருவாங்க."

எடுத்துவந்த முதல் தாளை நெஞ்சின்மேல் விரித்து, லென்ஸை வைத்துப் பார்த்தார். கடைசி வரியில் ஒரு சின்னக் கிறுக்கல் இருந்தது. பக்கத்தில் பென்சிலால் "நடை – சிஸ்டர்" என்று எழுதினார். "இடது கால் கொஞ்சம் அழுத்தி வைக்கிறீங்க. இடுப்பு வலி இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. நான் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த நாள் தாளின் நடுவில் கோடு பெரிதாக வீங்கி, அடங்கி, மறுபடி அதைவிடப் பெரிதாக வீங்கியிருந்தது. படுத்திருந்த மனிதர் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். தோளைப் பிடித்து அழுத்தினேன்.

"இது இங்க இல்ல சிஸ்டர். கடலுக்கு அந்தப் பக்கம். முதல்ல வர்ற அலை வேகமானது. ரெண்டாவது மெதுவா வரும். ரெண்டுக்கும் நடுவுல ஒம்பது நிமிஷம் இருக்கு. அப்படின்னா ஏழாயிரத்து ஐநூறு கிலோமீட்டர். பூமிக்குள்ள புகுந்து பதினோரு நிமிஷத்துல இங்க வந்திருக்கு."

சாயங்காலம் வானொலியில் அந்தச் செய்தி வந்தது. ஒரு துறைமுகம் இடிந்துவிட்டதாம். அங்கே இடிந்தபோது இங்கே என் காலடியில் தரை அசைந்திருக்கிறது. நான் அப்போது அவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்திருப்பேன்.

"எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது. எனக்குத் தூரம் மட்டும்தான் தெரியும். என்னைச் சுத்தி ஒரு வட்டம் போடலாம், அவ்வளவுதான். இன்னொரு ஊர்ல இன்னொருத்தர் அவரு தூரத்துக்கு ஒரு வட்டம் போடுவாரு. மூணாவது ஆள் ஒண்ணு. மூணும் வெட்டுற இடம்தான் அது. உலகம் பூரா ஆயிரக்கணக்குல உக்காந்திருக்கோம். ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது. எல்லாரும் நொடியை எழுதி அனுப்பிக்கிட்டே இருக்கோம்." தாளைச் சுருட்டிக்கொண்டே, "ஒரே ஒரு நிலையம் சொன்னா அது கணக்குல வராது," என்றார்.

"பக்கத்துல வந்தா?"

"அதுக்குச் சுலபமான வழி இருக்கு. ரெண்டு அலைக்கும் நடுவுல எத்தனை நொடியோ அதை எட்டால பெருக்கணும். அத்தனை கிலோமீட்டர்."

இதை நான் மனதில் வைத்துக்கொண்டேன். மருந்து அளவு சொன்னால் வைத்துக்கொள்கிற மாதிரி.

மூன்றாம் நாள் தாளில் மேலிருந்து ஒன்பதாவது வரியில், அதாவது முந்தின நாள் பகல் பன்னிரண்டு பத்துக்கு, ஒரு கிறுக்கல் இருந்தது. ஒரு சின்ன முடிச்சு, கொஞ்சம் இடைவெளி, ஒரு பெரிய முடிச்சு. அவர் அதன் பக்கத்தில் "நடை" என்று எழுதினார். பெயர் எழுதவில்லை.

"நேத்து பன்னெண்டு பத்துக்கு யார் போனா?" என்றேன். "சாவி என் இடுப்புலதான் இருக்கு."

அவர் லென்ஸைத் துணியால் துடைத்தார்.

"டீச்சர்கிட்ட வேற சாவி இருக்கா?"

"இல்ல. அது அவ."

"எவ?"

சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். வட்ட முகம், எண்ணெய் வைத்து வாரிய தலை, யாரையோ அதட்டப் போகிற மாதிரி வாய். அவருடைய மனைவி.

வேலையில் உட்கார்ந்தால் அவருக்குச் சாப்பாடு மறந்துவிடுமாம். அதனால் அந்தம்மா இருபத்தாறு வருடம் தினமும் பன்னிரண்டு பத்துக்குக் கேரியரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்திருக்கிறாள். முழங்கால் வலி உண்டு. ஏழாவது படியில் நின்று கேரியரைக் கை மாற்றிக்கொள்வாள். மூன்று நொடி. பிறகு மீதிப் படியைக் கொஞ்சம் வேகமாக இறங்குவாள். தாளில் அது சின்ன முடிச்சு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளி, பெரிய முடிச்சு என்று விழும்.

"கைரேகை மாதிரி சிஸ்டர். எனக்குத் தெரியாதா? அவ போனப்புறம் ஒரு வருஷம் அந்த வரி சும்மாவே கெடந்தது. இப்ப ஏழு வாரமா வர்றா."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. படுத்த படுக்கையாக இருப்பவர்கள் செத்தவர்களைப் பற்றிப் பேசுவது எனக்குப் புதிதில்லை. இதற்கு எனக்கொரு முறை உண்டு: மறுக்கவும் மாட்டேன், ஆமாம் போடவும் மாட்டேன், தலையணையைச் சரிசெய்வேன். சரிசெய்தேன்.

"நீங்க எப்படி விழுந்தீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"அன்னைக்கு உருளைக்கு முன்னாடி உக்காந்திருந்தேன். பேனா என் கண்ணு முன்னாடியே ஆடிச்சு. எழுந்து படியில ஓடினேன். அவ மேல ஏறிப் போறதுக்குள்ள பாத்துரலாம்னு."

"எத்தனாவது படியில விழுந்தீங்க?"

"ஏழாவது."

அடுத்த வாரம் ஒரு நாள் டாக்டர் காலைப் பார்க்க வந்து தாமதமாகிவிட்டது. நான் நிலையத்துக்குப் போனபோது பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம். உள்ளே நுழைந்து, பழக்கத்தில் இரும்புக் கதவை உள்பக்கம் பூட்டினேன். இறங்கினேன். மணியை எழுதினேன். தாளை மாற்றி, மை பார்த்து, அவர் சொன்னபடி பேனா நிதானத்துக்கு வரும்வரை அசையாமல் நின்றேன். அவர் சொல்லியிருந்தது ஒரு நிமிடம். நான் பதினைந்து நிமிடம் நின்றிருக்கிறேன். எதற்கு நின்றேன் என்று நீங்கள் கேட்கவேண்டியதில்லை.

பேனா நேராகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு லேசாக நடுங்கியது. காய்ச்சல்காரன் உதடு நடுங்குமே, அப்படி. நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் எண்ணவில்லை. எண்ணிக்கை தானாக எனக்குள் ஓடியது. மூன்றை எட்டுவதற்குச் சற்று முன்பே பேனா படபடவென்று அடித்துக்கொண்டது. அடங்கியது. நேரானது.

நான் அசையவில்லை. என் பின்னால்தான் படி. பிணங்களைக் கழுவி உடுத்தி அனுப்பியிருக்கிற எனக்கே திரும்பத் தயக்கமாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பதினோரு படியும் காலி. மேலே கதவில் நான் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது.

ஏறினேன். ஏழாவது படியை மிதிக்காமல் தாண்டி ஏறினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் குறிப்பு எழுதுவது. நோயாளி உளறினால், உடம்பு தூக்கிப்போட்டால், எப்போது, எவ்வளவு நேரம், எத்தனை முறை என்று எழுதவேண்டும். எழுதினால் பாதி பயம் போய்விடும். அவர் தூங்கும்போது அலமாரியில் இருந்த பழைய தாள்களை எடுத்தேன். ஒன்பது வாரத் தாள். பெயரில்லாத "நடை" ஒவ்வொன்றையும் காய்ச்சல் அட்டையின் பின்பக்கத்தில் எழுதினேன். தேதி, மணி, இடைவெளி.

மொத்தம் அறுபத்தொன்று. மதியத்தை ஒட்டி வந்தது ஒன்பதுதான். மீதி ஐம்பத்திரண்டும் காலை ஏழு, சாயங்காலம் நாலு, விடியற்காலை மூன்று என்று கண்டபடி. எல்லாவற்றுக்கும் அவர் "நடை" என்றே எழுதியிருந்தார். வேகம் கூடிக்கொண்டே வந்தது. முதல் வாரம் இரண்டு, கடைசி வாரம் பதினான்கு.

இடைவெளிப் பத்தியை எழுதிய பிறகுதான் என் கை நின்றது. முதல் மூன்று வாரம் மூன்று மில்லிமீட்டர். பிறகு இரண்டரை. பிறகு இரண்டு. கடைசிச் சில, ஒன்றரை. நடுவில் ஒன்றிரண்டு பழைய மாதிரி விழுந்திருந்தது. ஆனால் போக்கு ஒரே பக்கம்.

அந்த நேரம் கட்டிலின் கால்மாட்டில் ஏதோ அசைந்தது. மணல் பை. காற்று இல்லை, சன்னல் சாத்தியிருந்தது, யாரும் தொடவில்லை, அவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பை மட்டும் தொட்டில் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விரலளவு ஆடிக்கொண்டிருந்தது. வாட்சைப் பார்த்தேன். நாலு ஏழு. மறுநாள் தாளில் நாலு ஏழுக்கு இரண்டு முடிச்சு இருந்தது. அவர் பென்சிலை எடுத்தார்.

"எழுதாதீங்க," என்றேன்.

"ஏன்?"

"நேத்து நாலு ஏழுக்கு உங்க கால்ல கட்டின எடை ஆடிச்சு. படியில நடந்தா இருநூறு அடி தள்ளி இருக்கிற பை ஆடுமா?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். அந்த நேரம் டீச்சர் சாப்பாட்டோடு உள்ளே வந்தாள். காய்ச்சல் அட்டையை அவளிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நின்றபடியே படித்தாள். முகம் மாறியது. ஆனால் அழுகிற ரகமில்லை அவள்.

"விடியக்காலை மூணு மணிக்கு அக்கா சாப்பாடு கொண்டுவந்தாளா? அத்தான், உயிரோட இருந்தப்பவே ஏழு மணிக்கு முன்னாடி அவளை எழுப்ப முடியாது. தண்ணி தெளிச்சாலும் திரும்பிப் படுத்துக்குவா."

"கிண்டல் பண்ணாதே."

"கிண்டல் இல்ல. இதைத் தலைமையகத்துக்கு அனுப்பிருக்கீங்களா இல்லையா?"

"நடையை யாரும் அனுப்ப மாட்டாங்க."

"அனுப்பினா?"

"அனுப்பினா அது நிலநடுக்கம் ஆயிரும்," என்றார்.

"அனுப்பாட்டி?"

"அனுப்பாட்டி நடை."

அவ்வளவுதான் விஷயம். அவர் பைத்தியம் இல்லை. படிக்கத் தெரியாதவரும் இல்லை. ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தார், அந்த மணல் பை மாதிரி. அதே தெருவின் கோடியில் இரண்டு மாடிச் செங்கல் கட்டடத்தில் முந்நூறு குழந்தைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் ஏற்கெனவே வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று டீச்சர் மூன்று வருடமாக மனு எழுதிக்கொண்டிருந்தாள்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தேன். லென்ஸை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"சார், முதல் வாரம் இடைவெளி எத்தனை?"

"மூணு."

"எட்டால பெருக்குங்க. அப்ப உங்க வீட்டுக்காரம்மா எவ்வளவு தூரத்துல நின்னாங்க?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் முப்பத்தோரு வருடப் பழக்கம்; கணக்கு வாயிலிருந்து தானாக வந்தது.

"இருபத்துநாலு கிலோமீட்டர்."

"போன வாரம்?"

"ரெண்டு. பதினாறு."

"நேத்து?"

லென்ஸை நேற்றைய வரியில் வைத்தார். "ஒண்ணரை," என்றார். "பன்னெண்டு." பிறகு, சின்னக் குரலில், "நடந்து வருது," என்றார்.

பை ஆடுகிறதா என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் பார்த்தோம்.

அவர் "நடை"களை அழிக்கவில்லை. பதிவுத்தாளில் எதையும் அழிக்கக்கூடாதாம். ஒவ்வொன்றின்மேலும் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் நொடியும் தூரமும் எழுதினார். நான் தாளை விரித்துப் பிடித்தேன். டீச்சர் பள்ளிக்கு ஓடினாள். அறுபத்தொன்றும் முடிய மூன்று மணி நேரம். மதியம் பன்னிரண்டு பத்தில் விழுந்தவற்றை அடிக்கும்போது மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். நான் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். பிறகு தொலைபேசியைக் கேட்டார். கம்பி எட்டுமளவு இழுத்து நெஞ்சின்மேல் வைத்தேன். மறுமுனையில் அதிகாரி கத்திப் பேசுகிறவர், எனக்கும் கேட்டது.

"ஒரு நிலையத்தை வச்சு என்னய்யா பண்றது? பக்கத்து நிலையம் இருநூறு கிலோமீட்டர். அதுல ஒரு புள்ளிகூட விழலை. நேத்து வரைக்கும் நீங்களே நடைன்னுதானே வச்சிருந்தீங்க?"

"ஆமா சார். தப்பு."

"முப்பது வருஷ அனுபவம். நடைக்கும் அதிர்வுக்கும் வித்தியாசம் தெரியாமப் போச்சா?"

"தெரிஞ்சே எழுதினேன் சார்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"மூணு கருவி அனுப்புங்க," என்றார் நொடிக்காரர். "என்னை அப்புறம் என்ன வேணா பண்ணிக்குங்க."

மூன்றாம் நாள் ஒரு வண்டியில் இரண்டு பேர் மூன்று கருவிகளோடு வந்தார்கள். ஒன்றை நீரேற்று நிலையத்திலும், ஒன்றைப் பள்ளிக் கிடங்கிலும், ஒன்றை ஊருக்கு வெளியே ஒரு பாறையிலும் வைத்தார்கள். நான்கு நாட்களில் அவருடைய கட்டிலுக்கு மேலேயே வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். புள்ளிகள் வெகுதூரத்தில் தொடங்கி, எறும்புச் சாரை மாதிரி ஊரைப் பார்த்து வந்திருந்தன. வந்தவர்கள் இருவரும் மெதுவாகவே பேசினார்கள், நோயாளி வீட்டில் பேசுகிற மாதிரி.

"இப்படியே அடங்கிப்போயிடலாம். நிறைய இடத்துல அப்படித்தான் ஆயிருக்கு. பெருசாவும் ஒண்ணு வரலாம். எதுன்னோ எப்பன்னோ சொல்ல உலகத்துல யாராலயும் முடியாது அம்மா," என்றார்கள் என்னிடம்.

சொல்ல முடியாது என்றால், செய்ய முடிந்ததைச் செய்யவேண்டியதுதான். டீச்சர் மறுநாளே வகுப்புகளை மைதானத்தில் கூடாரத்துக்கு மாற்றினாள். வெயிலில் பிள்ளைகளை வதைக்கிறாள் என்று பெற்றோர் வாசலில் வந்து சண்டை போட்டார்கள். "உங்க அத்தானுக்கு மூளை கலங்கிடுச்சுன்னு ஊரே சொல்லுது," என்றார்கள். "கலங்கினது தெளிஞ்சதாலதான் வெளியே உக்காத்தி வச்சிருக்கேன்," என்றாளாம். நான் அவருடைய கட்டிலை அலமாரிப் பக்கத்திலிருந்து தள்ளி நகர்த்தினேன். அலமாரியைக் கட்டுத்துணியால் சன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். கண்ணாடிப் புட்டிகளைத் தரையில் இறக்கினேன். சுவர்ப் படத்தைக் கழற்றப் போனபோது, "அது இருக்கட்டும்," என்றார். விட்டுவிட்டேன்.

கருவிகள் வந்த ஒன்பதாம் நாள், காலை. தாளை மாற்றிவிட்டு வந்து அவருக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன். தரைக்கு அடியில் லாரி ஓடுகிற மாதிரி ஓர் உறுமல். கட்டில் ஒரு குத்து வாங்கியது.

அவர் வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். "ஒண்ணு" என்பதை முடித்தார். "ரெண்டு" வாயில் இருக்கும்போதே இரண்டாவது வந்துவிட்டது.

அவர்மேல் கவிழ்ந்து கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். மணல் பை சுவரில் போய் மோதியது, திரும்பி வந்தது, மறுபடி மோதியது. அலமாரி கட்டுத்துணியில் முன்னால் சாய்ந்து, விழாமல் தொங்கியது. கூரையிலிருந்து சுண்ணாம்பு என் முதுகில் கொட்டியது. படம் விழுந்து உடைந்தது. என் காதருகே அவர் எண்ணிக்கொண்டே இருந்தார். பதினான்கில் நின்றது.

"பத்து அம்பத்திரண்டு, எட்டு நொடி," என்றார். பிறகுதான், "பள்ளிக்கூடம்?" என்றார்.

பள்ளியின் கைப்பிடிச் சுவர் முழுவதும் மாடிப்படியின்மேல் விழுந்து, படி இருந்த இடமே தெரியவில்லை. பத்து ஐம்பதுக்குத்தான் வழக்கமாக இடைவேளை மணி அடிக்கும். முந்நூறு பேரும் மைதானத்தில் புழுதியோடு அழுதுகொண்டு நின்றார்கள். மூலைக்கடைக்காரருக்குத் தோள் எலும்பு முறிந்தது, நான்தான் கட்டினேன். பின்தெருவில் ஓர் அம்மா, வெளியே ஓடிவந்தவள், அடுப்பை அணைக்கத் திரும்பி உள்ளே போயிருக்கிறாள். அவளையும் நான்தான் கழுவினேன்.

"எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"ஒருத்தர்."

"ஆறு வாரம் முன்னாடியே சொல்லியிருந்தா?"

"தெரியாது சார்," என்றேன். எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. அதைச் சரிசெய்ய என்னிடம் தலையணை இல்லை.

அடுத்த மூன்று வாரம் தாள் முழுக்கக் கறுப்பு. பின்னதிர்வுகள். படுத்தபடியே ஒவ்வொன்றையும் படித்து எழுதி அனுப்பினார். இப்போது நாலு நிலையம் சொன்னதால் எல்லாம் கணக்கில் வந்தது. தலைமையகத்திலிருந்து ஒரு கண்டனக் கடிதமும் வந்தது. இரண்டு முறை படித்துவிட்டு, "தேதி தப்பாப் போட்டிருக்கான்," என்று சொல்லி உறையில் போட்டார். கோடுகள் மெல்ல மெலிந்தன. ஒன்பதாவது வரி நேரானது. ஒரு நாள் லென்ஸை அதில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இல்ல," என்றார். உடைந்த படத்துக்கு டீச்சர் புதுக் கண்ணாடி போட்டு மாட்டினாள்.

பதினோராவது வாரம் எடையை அவிழ்த்து, ஊன்றுகோலில் நடக்க வைத்தேன். கடைசி நாள் காலை தாளைத் தானே மாற்றுவதாகச் சொன்னார். கூட வருகிறேன் என்றேன். "ரெண்டு பேர் நடந்தா படிக்க முடியாது சிஸ்டர்," என்றார். நான் இரும்புக் கதவருகே நின்றேன். கீழே இறங்கும் சத்தத்தை எண்ணினேன். ஏழில் நின்றது. பிறகு மீதி நாலு.

தாளோடு மேலே வந்து, வெளிச்சத்தில் வாசல் திட்டின்மேல் விரித்தார். கடைசி வரியில் அவர் இறங்கின நடை விழுந்திருந்தது. ஒரு சின்ன முடிச்சு. இடைவெளி. ஒரு பெரிய முடிச்சு.

"ஏழாவது படியில என்ன பண்ணினீங்க?"

"கோலைக் கை மாத்தினேன். கால் வலிச்சுது." லென்ஸை என்னிடம் நீட்டினார். "நீங்க பாருங்க. என் கண்ணை நான் நம்ப மாட்டேன்."

பார்த்தேன். மூன்று மில்லிமீட்டர். இழை பிசகவில்லை. காய்ச்சல் அட்டையில் முதல் வாரத்துக்கு நான் எழுதியிருந்த அதே உருவம்.

அவர் பென்சிலை எடுத்து "நடை" என்று எழுதினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "– நான்" என்று சேர்த்தார்.

மேலிருந்து ஒன்பதாவது வரி, அதாவது முந்தின நாள் பகல் பன்னிரண்டு பத்து, அவர் முழங்கைக்குக் கீழே இருந்தது. அவர் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை. வாட்சை நாலு நொடி முன்னால் தள்ளி வைத்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.